மேப் சென்சாரில் 1.9 வோல்ட்: சென்சாரை மாற்றுவதற்கு முன்

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆர்பிஎம் 700க்கும் 1,100க்கும் நடுவே ஏறி ஏறி இறங்குகிறது. ஸ்கேனரில் பி0106 என்று மேப் சென்சார் (எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான மானிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) பழுதுக் கோடு வந்திருக்கிறது. வீட்டில் இருந்த மஞ்சள் மல்டிமீட்டரை வைத்து அந்தச் சென்சாரின் சிக்னலை அளந்தீர்கள்: சாவி மட்டும் போட்டபோது 4.5 வோல்ட், ஐடிலில் 1.9 வோல்ட். இணையத்தில் தேடினால் ஐடிலில் 1 முதல் 1.5 வரைதான் இருக்க வேண்டும் என்கிறார்கள், ஒர்க்‌ஷாப்பில் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள், கூடவே ஊட்டி ஏறும்போது இழுவை இல்லை என்ற குறையும் இருக்கிறது. "சென்சார் போச்சா, இல்லை என் மீட்டர் தப்பா காட்டுதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதுதான் இதில் முக்கியம்: மீட்டரும் சரி, சென்சாரும் சரி, எஞ்சினுக்குள் நிஜமாகவே அவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பது. நான் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். பி0106 வந்து என்னிடம் நின்ற வண்டிகளில் சென்சாரே கெட்டுப்போயிருந்தது பாதிக்கும் குறைவுதான். இது என் பட்டறைக் கணக்கு, பொதுவான புள்ளிவிவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மீட்டரிலிருந்தே தொடங்குவோம், அதுதான் சுலபம். மஞ்சள் நிற டிடி-830 வகை மீட்டர் மோசமான கருவி இல்லை. 20 வோல்ட் ரேஞ்சில் 0.01 வோல்ட் வரை காட்டும், இந்த வேலைக்கு அது தாராளம். அதில் ஒரே ஒரு வில்லங்கம், உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் அது குறைத்துக் காட்டாது, கூட்டிக் காட்டும். காரணம், அளக்கும் வோல்டேஜை அது தன் உள் ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது, பேட்டரி ரொம்பத் தளர்ந்தால் அந்த ரெஃபரன்ஸே சரிந்துவிடும். கார் பேட்டரியை நிறுத்தி வைத்த நிலையில் அளந்து 13.5 என்று வந்தால் காரைச் சந்தேகப்படாமல் மீட்டரைத் திறந்து புது பேட்டரி போடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, இதற்கு நல்ல மீட்டர்கூடத் தேவையில்லை. மேப் சென்சாருக்கு ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) 5 வோல்ட் கொடுக்கிறது. சென்சார் திருப்பித் தருவது அந்த ஐந்தில் ஒரு பங்கு. ஈசியுவும் அதே ஐந்தை வைத்துத்தான் பங்கைக் கணக்கிடுகிறது. அதனால் நீங்களும் ஒரே மீட்டரில் 5 வோல்ட் வயரையும் சிக்னல் வயரையும் அடுத்தடுத்து அளந்து வகுத்துப் பாருங்கள். உதாரணமாக 5 வோல்ட் வயரில் 5.4 என்று காட்டினால் மீட்டர் கூட்டிக் காட்டுகிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம், அப்போது உங்கள் 1.9 உண்மையில் 1.76தான். 5 வோல்ட் வயரில் 4.98, 5.02 என்று வந்துவிட்டால் மீட்டர் பற்றிய கவலையை விட்டுவிடலாம். உங்கள் கணக்கில் சாவி போட்டபோது 4.5 வந்திருப்பதே நல்ல அறிகுறி, ஏனென்றால் மீட்டர் விகிதத்தில் தப்பு செய்தால் அது இரண்டு இடத்திலும் தெரிந்திருக்கும்.

அடுத்தது எர்த். கறுப்பு ப்ரோபை எங்கே வைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. பேட்டரி மைனஸில் வைத்திருந்தால், நீங்கள் அளந்தது சென்சாரின் சிக்னலும் அதன் எர்த் வயருக்கும் பேட்டரிக்கும் நடுவே விழும் வோல்டேஜும் சேர்ந்த தொகை. அந்த இரண்டாவது பகுதி பூஜ்யமாக இருக்க வேண்டும், பழைய வண்டியில் இருக்காது. இதைத் தனியாக அளந்துவிடுங்கள்: கறுப்பு ப்ரோப் பேட்டரி மைனஸ் முனையில் (கிளாம்பில் இல்லை, ஈயக் கம்பத்தின் மேலேயே), சிவப்பு ப்ரோப் சென்சார் கப்ளரின் எர்த் வயரில், எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போடுங்கள். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 0.2, 0.3 என்று போனால், அல்லது லைட் போடும்போது எண் நகர்ந்தால், பாடி எர்த் வயர் எங்கோ துரு பிடித்திருக்கிறது. ஓம்ஸ் ரேஞ்சில் வைத்து "0.3 ஓம்தான், நல்லா இருக்கு" என்று திருப்தி அடைய வேண்டாம். மலிவான மீட்டரின் ப்ரோப் வயருக்கே அவ்வளவு இருக்கும். முப்பது இழையில் ஒரு இழை மட்டும் மிஞ்சிய வயர்கூட ஓம்ஸில் நல்லதாகவே காட்டும், கரண்ட் ஓடும்போதுதான் அதன் லட்சணம் தெரியும்.

கப்ளருக்குள் ப்ரோப் நுழையாது. மெல்லிய குண்டூசியை, வயர் உள்ளே போகும் பின்பக்கத்து ரப்பர் சீல் ஓரமாக, வயரோடு ஒட்டி மெதுவாகத் தள்ளுங்கள், உலோகத்தில் தட்டுவது விரலுக்குத் தெரியும். வயர் தோலைக் குத்தி அளக்கும் பழக்கம் நிறைய பேருக்கு இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். குத்திய ஓட்டை வழியே ஈரம் இறங்கி, இரண்டு மழைக்காலம் தாண்டினால் உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடக்கும், அப்புறம் அந்தப் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போகும். உங்கள் சென்சாரில் நான்கு வயர் இருந்தால் குழம்ப வேண்டாம், நான்காவது காற்றின் வெப்பநிலைக்கு. இன்னொன்று, மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்ப் ஓட்டையில் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதில் இருக்கும்போது வோல்டேஜ் அளக்கப்போனால் நேரடி ஷார்ட், மலிவான மீட்டர்களில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸும் இருப்பதில்லை.

சரி, மீட்டரும் எர்த்தும் சுத்தம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது 1.9 என்பது எவ்வளவு அழுத்தம்? வோல்ட்டுக்கும் கிலோபாஸ்கலுக்கும் உள்ள கணக்கு சென்சாருக்குச் சென்சார் மாறும், அதனால் இணையத்தில் கிடைக்கும் "1 முதல் 1.5" உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று நிச்சயமில்லை. ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் ஈசியு எவ்வளவு கிலோபாஸ்கல் என்று நினைக்கிறது என்பதே தெரியும், அதைப் பாருங்கள். சாவி மட்டும் போட்ட நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும். கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம், அங்கே 96, 97 கிலோபாஸ்கல் வரும். போனில் வானிலை ஆப் 1,010 ஹெக்டோபாஸ்கல் (அதாவது 101 கிலோபாஸ்கல்) என்று சொல்கிறதே, 101 வரவில்லையே என்று சிலர் சென்சாரைக் குறை சொல்வார்கள். ஆப் காட்டுவது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண், உங்கள் தெருவில் இருக்கும் அழுத்தம் இல்லை.

ஒரு புள்ளி சரியாக இருந்தால் போதாது, இரண்டாவது புள்ளியும் வேண்டும். அதற்கு மருந்துக் கடையில் வாங்கும் 20 மில்லி சிரிஞ்சே போதும். சென்சாரைக் கழற்றி, கப்ளரை மாட்டியபடியே, அதன் மூக்கில் இறுக்கமாக ஒரு சின்ன ரப்பர் குழாயைச் சொருகி, மறுமுனையில் சிரிஞ்சை மாட்டுங்கள். மாட்டும்போது பிஸ்டன் 10 மில்லி குறியில் இருக்கட்டும். குழாய்க்குள் ஒரு 2 மில்லி காற்று இருக்கும் என்று வையுங்கள், மொத்தம் 12. சாவி போட்டுவிட்டு பிஸ்டனை 20 வரை இழுத்துப் பிடித்தால் மொத்தம் 22. அதே காற்று, இடம் மட்டும் பெரிதானது, ஆக அழுத்தம் 12க்கு 22 என்ற விகிதத்தில் இறங்க வேண்டும்: 96.5 கிலோபாஸ்கல் 53 பக்கம் வர வேண்டும். பாயில் 1662ல் சொன்ன விதிதான், பள்ளிக்கூடத்தில் படித்ததேதான். 50, 55 என்று வந்தாலும் சரி, குழாயின் கணக்கு நம் குத்துமதிப்புதானே. 70ல் நின்றுவிட்டால், அல்லது இழுத்துப் பிடித்திருக்கும்போதே எண் மெல்ல ஏறினால், முதலில் குழாயின் பிடிப்பைச் சரிபாருங்கள், அது சரியென்றால் சென்சார் கெட்டது, தாராளமாக மாற்றலாம். கழற்றும்போது மூக்கில் எண்ணெய்க் கசடு அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதைத் துடைத்த மாத்திரத்தில் சரியான வண்டிகளும் உண்டு.

சென்சார் இதிலும் தேறிவிட்டால், எஞ்சினுக்குள் காற்று நிஜமாகவே அதிகம். இதை உறுதி செய்ய இன்னொரு சாட்சி இருக்கிறது, உங்கள் கேள்விக்கு விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது: ஃபியூல் ட்ரிம், அதாவது ஆக்சிஜன் சென்சார் சொல்வதை வைத்து ஈசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற எண். உங்கள் எஞ்சின் ஐடிலில் 800 ஆர்பிஎம் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 1.2 லிட்டர் இழுக்கும், அதாவது நொடிக்கு 8 லிட்டர். மானிஃபோல்டில் அழுத்தம் 35 கிலோபாஸ்கல் என்றால் அந்த 8 லிட்டரில் காற்றின் எடை ஏறத்தாழ 3.1 கிராம். 46 கிலோபாஸ்கல் என்றால் 4.1 கிராம் பக்கம். ஈசியு இந்தக் கணக்கைப் போட்டுத்தான் பெட்ரோல் விடுகிறது. இப்போது யோசியுங்கள், சென்சார் 35ஐ 46 என்று பொய் சொன்னால் ஈசியு தேவையைவிட முப்பது சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் விடும், சைலன்ஸர் பக்கம் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் கூடுதல்" என்று சொல்லும், ட்ரிம் மைனஸ் 20, மைனஸ் 25 என்று கீழே போய்விடும், பிளக் கறுக்கும், பெட்ரோல் வாசனையும் வரும். காற்று நிஜமாகவே அதிகம் என்றால் விட்ட பெட்ரோலும் அதற்குச் சரியாக இருக்கும், ட்ரிம் பூஜ்யத்தை ஒட்டியே, ப்ளஸ் மைனஸ் ஐந்துக்குள் நிற்கும். ஷார்ட் டெர்ம் (அந்த நேரத் திருத்தம்), லாங் டெர்ம் (நாள்பட்ட திருத்தம்) இரண்டையும் கூட்டிப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை, கோடு பதிவாகி இருக்கும்போது ஈசியு மேப் சென்சாரை ஒதுக்கிவிட்டு ஒரு உத்தேச எண்ணில் ஓட்டக்கூடும், அப்போது ட்ரிம்மைப் பார்த்துப் பயனில்லை. கோடை எழுதி வைத்துக்கொண்டு அழித்துவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடானபின், ஏசியும் லைட்டும் அணைத்து, ஸ்கேனரில் குளோஸ்டு லூப் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு பெட்ரோலைத் திருத்தும் நிலை) என்று வந்தபிறகே பாருங்கள். ஏசி ஓடினாலே மேப் எண் ஏறும். நீங்கள் 1.9 பார்த்தபோது ஏசி ஓடவில்லை என்று நம்புகிறேன்.

இங்கே இணையம் ஏன் உங்களைக் குழப்புகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "காற்று கசிந்தால் ட்ரிம் ப்ளஸ் 20 ஆகும்" என்று நிறைய வீடியோக்களில் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் வேறு வகை வண்டிக்கு. எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கணக்கிட இரண்டு வழி இருக்கிறது. போஷ் 1967ல் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக் மானிஃபோல்டின் அழுத்தத்தை அளந்தது, 1974ல் வந்த எல்-ஜெட்ரானிக் உள்ளே போகும் காற்றையே வாசலில் வைத்து அளந்தது. டி என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தம், எல் என்பது காற்று. இன்றைக்கும் இதே இரண்டு குடும்பம்தான். வாசலில் அளக்கும் மாஃப் சென்சார் வண்டியில் த்ராட்டிலுக்கு (ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) அப்பால் ஓட்டை இருந்தால், வாசல் வழியாக வராத அந்தக் காற்று கணக்கில் வராது, பெட்ரோல் போதாது, ட்ரிம் ப்ளஸில் ஏறும். உங்களுடையது மேப் வண்டி. ஓட்டை வழியே வந்த காற்றும் மானிஃபோல்டில் அழுத்தமாகத் தெரிந்துவிடுகிறது, அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் விடப்படுகிறது. ஆக ட்ரிம் ஒன்றும் சொல்லாது, ஆர்பிஎம்தான் ஏறும். ட்ரிம் நன்றாக இருக்கிறது, அதனால் கசிவு இல்லை என்று மேப் வண்டியில் முடிவு செய்தால் அது தப்பு.

ஓட்டை சின்னது என்றால் ஈசியு ஐடில் வழியை அந்த அளவுக்கு மூடிச் சமாளித்துவிடும், மேப் எண்ணும் பழையபடி வந்துவிடும். ஓட்டை பெரிது என்றால் முழுக்க மூடியும் போதாது. அப்போது ஸ்பார்க்கைப் பின்தள்ளி எஞ்சினின் பலத்தைக் குறைத்து ஆர்பிஎம்மை இறக்கப் பார்க்கும், இறங்கியதும் விட்டுவிடும், மறுபடி ஏறும். உங்கள் 700, 1,100 ஆட்டம் இதோடு பொருந்துகிறது. லைவ் டேட்டாவில் இக்னிஷன் அட்வான்ஸ் (ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்னதாக வருகிறது) என்று ஒரு எண் இருக்கும். ஐடிலில் பெரும்பாலான பெட்ரோல் வண்டிகளில் 5 முதல் 15 டிகிரிக்குள் இருக்கும் அது, ஆர்பிஎம் ஏறும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கோ அதற்கும் கீழேயோ விழுகிறது என்றால் ஈசியு அதிகக் காற்றோடு மல்லுக்கட்டுகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

கசிவைத் தேட விலை உயர்ந்த புகை மெஷின் தேவையில்லை. எஞ்சின் ஐடிலில் ஓடட்டும், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஹோஸ்கள், மானிஃபோல்ட் கேஸ்கட் ஓரம், இன்ஜெக்டர் அடி ரப்பர் என்று மெதுவாக நகர்த்துங்கள், ஃபேனை அணைக்க முடிந்தால் நல்லது. கசியும் இடத்தில் புகை சட்டென்று வளைந்து உள்ளே இழுபடும். அதற்கு முன் பெட்ரோல் வாசனையோ ஈரமோ எங்கும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் ஊதுபத்தியை மறந்துவிட்டு சோப்புத் தண்ணீர் ஸ்பிரே போதும். கார்ப் கிளீனரை அடித்துத் தேடும் வழி எல்லோரும் சொல்வதுதான், சூடான சைலன்ஸர் மானிஃபோல்டின் மேல் பட்டு தீப்பிடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் நான் சொல்லமாட்டேன். பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சின் அடியில் சேரும் வாயுவை மானிஃபோல்டுக்கு இழுப்பது), பர்ஜ் வால்வு ஹோஸ் (பெட்ரோல் டேங்க் ஆவியை இழுப்பது) மூன்றையும் துணி சுற்றிய ப்ளையரால் ஒவ்வொன்றாக அழுத்திப் பிடியுங்கள். எதைப் பிடிக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ அந்த வழியில்தான் கோளாறு.

சில வருடத்துக்கு முன் இதே கதையோடு ஒரு வண்டி வந்தது, இரண்டு இடத்தில் இரண்டு சென்சார் மாற்றிவிட்டு. பிசிவி ஹோஸ் மேலிருந்து பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. கழற்றி வளைத்தபோது அடிப்பக்கத்தில், முழங்கை மாதிரி திரும்பும் இடத்தில், நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது, அதன் ஓரத்தில் எலிப் பல் பட்ட தடம். எஞ்சின் ஓடும்போது உறிஞ்சலில் அந்த வாய் இன்னும் விரியும். ஹோஸ் மாற்றிய அன்றைக்கே சரியானது, பழைய சென்சார் இரண்டும் நல்லவைதான். அதனால் ஹோஸைப் பார்ப்பது என்றால் கழற்றி வளைத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கசிவும் இல்லை, சென்சாரும் நன்றாக இருக்கிறது, ஆனாலும் மேப் அதிகம் என்றால், அப்புறம் நான் இங்கிருந்து உறுதியாகச் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிடுகிறோம். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருக்கலாம், வால்வு இடைவெளி இறுகியிருக்கலாம், ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் மற்றவை சேர்த்துச் சுமக்கலாம். இவற்றுக்குக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும், அது நேரில் செய்ய வேண்டிய வேலை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சில நொடி செயின் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள், கேட்டால் மெக்கானிக்கிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

ஊட்டி விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் 77, 78 கிலோபாஸ்கல்தான். கோயம்புத்தூரோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு காற்றே கிடையாது, டர்போ இல்லாத எஞ்சினில் ஏறத்தாழ அதே அளவு பலமும் குறையும். எந்தச் சென்சாரை மாற்றினாலும் அது திரும்ப வராது. அதற்கு மேலும் குறைகிறதா என்பதை மேப் எண்ணை வைத்தே பார்க்கலாம். வண்டியை ஓரம் நிறுத்தி எஞ்சினை அணைத்து, சாவி மட்டும் போட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரைப் பார்க்கட்டும், ஓட்டுபவர் பார்க்க வேண்டாம். குறித்த எண்ணிலிருந்து 3, 4 கிலோபாஸ்கலுக்குள் வந்துவிட்டால் உள்ளே வரும் வழி சுத்தம். 8, 10 குறைந்தால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், எலி வந்துபோகும் இடம் என்றால் உள்ளே பஞ்சும் சருகும் இருக்கலாம். உள்வழி சுத்தமாக இருந்தும் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏறவே மறுத்தால் வெளியே போகும் வழியை, கேட்டலிடிக் கன்வெர்ட்டரை, சந்தேகப்படுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும் இதற்கெல்லாம். செய்துவிட்டு இவ்வளவை மட்டும் எழுதுங்கள்: 5 வோல்ட் வயரில் வந்த எண், எர்த் வயரில் லைட் போட்டபோது வந்த எண், சிரிஞ்ச் இழுத்தபோது கிலோபாஸ்கல், சூடான ஐடிலில் இரண்டு ட்ரிம்மும் இக்னிஷன் அட்வான்ஸும். அவற்றை வைத்து சென்சாரை மாற்றலாமா வேண்டாமா என்று சொல்கிறேன், அதுவரை ஒர்க்‌ஷாப்பில் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.